யாருக்கு உதவி?



டிசம்பர்த் திங்கள். அமெரிக்க நாட்டின் வட மாநிலமொன்றிலே, மாலை 5 மணிக்கே இருள் கவிந்துவிட்ட ஒரு தெரு. மரங்களிலே மின்விளக்குச் சரங்கள். சன்னல்களுக்குப் பின்னே கணப்பின் வெம்மை, குழந்தைகளின் குதூகலம். தெருமுனையிலே வந்து நிற்கிறது பழுப்பு நிற வண்டியொன்று. நின்றும் நில்லாததுமாக அதிலிருந்து இருவர் குதிக்கின்றனர். ஒருவர் இடப்புறத்து வீட்டுக்கு ஓடுகிறார். மற்றவர் வலப்புறத்து வீட்டுக்கு ஓடுகிறார். வாயிற்படியிலே பார்சலை வைக்கின்றனர், மணியை அழுத்துகின்றனர், கதவு திறக்குமுன் வண்டிக்குத் திரும்பிவிடுகின்றனர். கதவைத் திறக்கும் குழந்தை பார்சலைத்தான் பார்க்கிறது, கொண்டுவந்தவரைப் பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா தந்த பரிசு என்று துள்ளிக் குதிக்கிறது. குழந்தை அப்படி நம்பலாம். நாம் நம்பலாமா?

ஓடிய இருவரையும் உற்றுப் பார்ப்போம். ஒருவர் ஓட்டுநர். ஆண்டு முழுதும் அதே வண்டி, அதே தெருக்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுப் படி வழுக்கும் என்பது வரை அறிந்தவர். மற்றவர் இரண்டு வாரத்துக்கு முன்புதான் வந்தவர். இன்னும் சில வாரத்திலே போய்விடுவார். ‘டிரைவர் ஹெல்பர்’ என்று அந்நாட்டார் அவரை அழைக்கின்றனர். ஓட்டுநரின் உதவியாளர் என்பது பொருள். நம் லாரிகளிலே ‘கிளீனர்’ என்றொரு தம்பி இருப்பாரே, ஏறத்தாழ அவரைப் போன்றவர். ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. கிளீனர்த் தம்பி ஓட்டுநரோடு ஊர் ஊராகச் சென்று, ஒன்றாக உண்டு, வண்டியிலேயே உறங்கி, தொழில் கற்று, ஒருநாள் தானும் சக்கரம் பிடிக்கிறார். இந்த அமெரிக்கத் தம்பியோ பெரும்பாலும் கம்பெனிக் கிடங்கின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. குறித்த இடத்திலே, ஒரு கடையின் முற்றத்திலோ தெருமுனையிலோ, பழுப்புச் சட்டை அணிந்து காத்து நிற்க வேண்டும். வண்டி வரும்; ஏறிக்கொள்வார். பொழுது சாய்ந்ததும் வண்டி அவரை இறக்கிவிடும். 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோ எடையுள்ள சுமையைத் தூக்கவல்லவராக இருக்க வேண்டும் என்று ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். வண்டி ஓட்டுவது அவர் வேலையன்று, ஓடுவதுதான் வேலை!

அந்தத் தம்பியைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களோடு பேச எண்ணுகிறேன். அவர் செய்வது உதவி. மறுப்பாரில்லை. யாருக்கு உதவி? அதுதான் என் கேள்வி.

அமெரிக்காவிலே நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாள். அன்று தொடங்குகிறது கொள்முதல் வெறி. கிறிஸ்துமஸ் நாள் வரையிலும் பார்சல் வெள்ளம்; அது கழிந்த பின்னர், பிடிக்காத பொருளைத் திருப்பியனுப்பும் எதிர்வெள்ளம். முன்பு மக்கள் கடைக்குச் சென்றார்கள். இன்று கடை மக்களிடம் வருகிறது. வருவதென்றால் தானே நடந்தா வரும்? மனிதத் தோளிலே ஏறித்தான் வரும்!

2013ஆம் ஆண்டு கிறிஸ்துமஸின்போது அந்த வெள்ளம் கரையை உடைத்தது. யுனைடெட் பார்சல் சர்வீஸ் என்னும் நிறுவனம், சுருக்கமாக யு.பி.எஸ்., ஏராளமான பார்சல்களைத் திருநாளுக்கு முன் சேர்க்க முடியாமல் திணறியது. பரிசுப் பொருளின்றி விடிந்தது பல இல்லங்களில் கிறிஸ்துமஸ். ஏடுகள் ஏசின, அமேசான் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுத்தது. மறு ஆண்டே யு.பி.எஸ். பருவக் காலத்துக்கென 90,000 முதல் 95,000 பேர் வரை எடுக்கப்போவதாக அறிவித்தது. பின்னர் அது ஆண்டுதோறும் ஓரிலட்சமாயிற்று. 2024இல் 1,25,000க்கும் மேல் என்றது. அமேசான் 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஆண்டுக்கு 2,50,000 பேரை அமெரிக்காவிலே பருவக் காலத்துக்காக எடுப்பதாக அறிவித்தது. இவர்கள் அனைவரும் வண்டியில் ஏறும் உதவியாளர் அல்லர். கிடங்கிலே பார்சல் பிரிப்போர், வண்டியிலே அடுக்குவோர், தற்காலிகமாக ஓட்டுவோர் எல்லோரும் அதில் அடங்குவர். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றே: பருவம் முடிந்தால் பணி முடிந்தது.

“வேலை தருவது குற்றமா?” என்று கேட்பார்கள். குற்றமில்லை. கல்லூரி விடுமுறையிலே மாணவன் கட்டணத்துக்குப் பணம் சேர்க்கிறான். ஓய்வு பெற்ற முதியவர் மருந்துச் செலவுக்கு வழி தேடுகிறார். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை வாங்க ஒரு தாய் நாலு வாரம் உழைக்கிறாள். அந்தக் கூலியை இகழ எவருக்கும் உரிமையில்லை. பருவத்துக்கு வந்தவர்களிலே ஒரு பகுதியினரை நிலையான வேலையில் அமர்த்திக்கொண்டதாக நிறுவனமே பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது. உண்மையாக இருக்கலாம், மகிழ்ச்சி! நாம் வேலையை எதிர்க்கவில்லை. வேலைக்குப் பின்னே ஓடும் கணக்கைக் கேட்கிறோம்.

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே அந்தக் கணக்கை ஒரு காட்சியாகவே எழுதிக் காட்டுகிறேன். காட்சி கற்பனை, எண்களும் எடுத்துக்காட்டுக்காக. ஆனால், அமெரிக்க ஓட்டுநர்கள் ஆண்டுக்கணக்கிலே சொல்லிவரும் குறை கற்பனையன்று.

இடம்: கிடங்கின் முற்றம். காலை.

மேலாளர்: இன்று முதல் உமக்கு ஓர் உதவியாளர். மகிழ்ச்சிதானே?

ஓட்டுநர்: மிக்க மகிழ்ச்சி ஐயா. நேற்று வீடு சேர இரவு 9 மணி. மகள் உறங்கிவிட்டாள். இன்றாவது அவள் விழித்திருக்கும்போது போய்ச் சேருவேன்.

மேலாளர்: போகலாம், போகலாம். நேற்று எத்தனை வீடு?

ஓட்டுநர்: 180.

மேலாளர்: இன்று 250.

ஓட்டுநர்: 250 வீடா? உதவியாளர் தருவதாகச் சொன்னீர்களே!

மேலாளர்: அதனால்தானே 250!

(வண்டி புறப்படுகிறது. தெருமுனையிலே உதவியாளர் ஏறிக்கொள்கிறார். அடுக்கடுக்கான பார்சல்களைப் பார்க்கிறார்.)

உதவியாளர்: ஐயா, நான் வந்ததால் உங்கள் சுமை குறைந்ததா, கூடியதா?

(ஓட்டுநர் விடை சொல்லவில்லை. கைக்கருவி அடுத்த வீட்டு எண்ணைக் காட்டுகிறது. இருவரும் குதிக்கின்றனர்.)

திரை!

சில தெருக்களிலே, சில நாட்களிலே, உதவியாளர் வருவதால் ஓட்டுநர் விரைவாக வீடு திரும்புவதும் உண்டு. உண்மையை மறைக்க வேண்டாம். பளுவான மேசையைப் படியேற்றும்போது இரண்டாவது கையின் அருமை தெரியும். பனி பெய்து வழுக்கும் மாலையிலே பக்கத்திலே ஒரு மனிதக் குரல் கேட்பதே ஆறுதல். ஆயினும், அந்த ஆறுதலுக்காகவா நிறுவனம் கூலி தருகிறது?

கணக்கைப் பார்ப்போம். பார்சல் இரண்டு மடங்கானால் நேரான வழி என்ன? இன்னொரு வண்டி, இன்னொரு ஓட்டுநர். ஆனால், வண்டிக்கு விலையுண்டு. யு.பி.எஸ். ஓட்டுநருக்கோ தொழிற்சங்கம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, மருத்துவக் காப்புண்டு. 2023இல் செய்த ஒப்பந்தப்படி, அதன் காலம் முடிவதற்குள் அவருடைய சராசரி உச்சக் கூலி மணிக்கு 49 டாலராகும். மிகுதி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. அந்தக் கூலியைப் பெறுவதற்கு அவருடைய சங்கம் எத்தனையோ ஆண்டுகள் போராடியிருக்கிறது. நிறுவனத்தின் பேனா என்ன எழுதுகிறது? ‘இன்னொரு வண்டி வேண்டாம். இன்னொரு ஓட்டுநர் வேண்டாம். இருக்கும் வண்டியிலே, இருக்கும் ஓட்டுநரின் பக்கத்திலே, குறைந்த கூலிக்கு ஒரு சோடிக் கால்களை ஏற்று!’ பருவத்துக்கு வந்தவருக்கு ஓய்வூதியம் இல்லை. அவர் உழைத்த வாரங்கள் பொதுவாகப் பணிமூப்புக் கணக்கிலே ஏறுவதுமில்லை. இரண்டாவது ஓட்டுநரின் வேலை இரண்டாகப் பிளக்கப்பட்டது: பொறுப்பு முதல் ஓட்டுநரின் தலையிலே, ஓட்டம் உதவியாளரின் காலிலே, மிச்சம் முதலாளியின் பெட்டியிலே!

ஆகவேதான் கேட்டேன், யாருக்கு உதவி என்று. வண்டியிலே இருவர்தாம் தெரிகின்றனர். உதவி பெறுபவரோ வண்டியிலேயே இல்லாத மூன்றாமவர்.

இவ்வளவும் நடக்கும்போது சட்டம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். சட்டம் இருக்கிறது. 7 நாளில் 60 மணி நேரம், அல்லது 8 நாளில் 70 மணி நேரம் பணி செய்துவிட்ட ஓட்டுநர் அதற்கு மேல் வணிக வண்டியை ஓட்டலாகாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் விதி. களைத்த கண் சாலைக்கு ஆபத்து என்பதால் வந்த விதி. நல்ல விதி! ஆனால், அதே விதிநூலிலே ஒரு விலக்கும் இருக்கிறது. ஒவ்வோராண்டும் டிசம்பர் 10 முதல் 25 வரை, சில்லறைக் கடைகளிலிருந்து நுகர்வோர் இல்லத்துக்கு உள்ளூரிலே பொருள் கொண்டுசெல்வதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஓட்டுநருக்கு அந்த நேர வரம்பு பொருந்தாது! ஆண்டிலே எந்த இரண்டு வாரத்தில் உடல் மிகக் களைக்குமோ, எந்த இரண்டு வாரத்தில் சாலையிலே பனி படருமோ, அந்த இரண்டு வாரத்தில் பாதுகாப்பு விதி ஒதுங்கி நிற்கிறது. தொழிலாளிக்கு விடுமுறை இல்லை, சட்டத்துக்கு விடுமுறை! விலக்கின் நிழலுக்கு வெளியே நிற்கும் பெரிய நிறுவனங்களும் சும்மா இருப்பதில்லை. 2017 டிசம்பரில் யு.பி.எஸ். தன் ஓட்டுநர்களை 60 மணிக் கணக்கிலிருந்து 70 மணிக் கணக்குக்கு மாற்ற முற்பட்டது. சங்கத்தினர் எதிர்த்துக் குரல் எழுப்ப நேர்ந்தது.

இது இன்று முளைத்த நோயன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னும் இதே டிசம்பர், இதே ஓட்டம். அன்று ஓடியவர்கள் சிறுவர்கள்! பெருங்கடைகளின் குதிரை வண்டிகளிலே பொதிகளோடு பொதியாக அமர்ந்து, நள்ளிரவு வரை வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகள். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் பிளாரன்ஸ் கெல்லி என்னும் வீராங்கனை. 1899ஆம் ஆண்டு முதல் தேசிய நுகர்வோர் கழகத்தை நடத்தியவர். ‘திருநாள் என்கிறீர்களே, அந்தத் திருநாளின் பெயரால் குழந்தைகளின் உடலை உருக்குகிறீர்களே!’ என்னும் பொருள்பட 1903இல் எழுதினார். கடைக்காரரை மட்டும் அவர் சாடவில்லை. வாங்குவோரையும் பார்த்துக் கேட்டார். கடைசி நாள் வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்குங்கள் என்று அவருடைய கழகம் இயக்கம் நடத்தியது. பொருளை வாங்கும் கை, அதைச் சுமக்கும் கையை நினைக்க வேண்டும் என்பது அவர் தந்த பாடம். குழந்தைத் தொழிலைத் தடுக்க 1916இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தை 1918இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 1938இல்தான் நிலைத்து நிற்கும் சட்டம் வந்தது. கெல்லி 1932இலேயே மறைந்துவிட்டார். விதைத்தவர் விளைச்சலைக் காணவில்லை!

வரலாற்றின் விந்தை ஒன்றையும் சொல்ல வேண்டும். யு.பி.எஸ். நிறுவனத்தை 1907இல் சியாட்டில் நகரிலே 100 டாலர் கடனில் தொடங்கிய ஜேம்ஸ் கேசி, அப்போது 19 வயது இளைஞர். குடும்பத்தைக் காக்க 11 வயதிலேயே கடையொன்றில் பொதி கொண்டுசெல்லும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். அதாவது, இன்று தெருமுனையிலே காத்து நிற்கும் உதவியாளனைப் போன்ற ஒருவன் கட்டிய கோட்டைதான் அது. கோட்டை வளர்ந்தது, வாசலிலே நின்ற பையன் மறக்கப்பட்டான்.

இனித்தான், தோழர்களே, நான் சொல்ல வந்த முதன்மையான செய்தி.

இந்த ஏற்பாட்டிலே மிகப் பெரிய கேடு எது? நேரமா? கூலியா? இரண்டையும்விடப் பெரிய கேடு ஒன்றுண்டு. வண்டியிலே அருகருகே அமர்ந்திருக்கும் இருவரையும் ஒருவருக்கொருவர் பகையாக்குவது! ஓட்டுநர் நினைக்கிறார்: ‘இவன் மிகுதி நேரக் கூலியைத் தின்ன வந்தவன், வேலை தெரியாதவன், இவனால் எனக்குக் கூடுதல் சுமை.’ உதவியாளர் நினைக்கிறார்: ‘இவர் என்னைவிடப் பன்மடங்கு வாங்குகிறார், ஓடுவதோ நான்.’ இருவர் நினைப்பிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியைக் கடலாக்கிவிட்டால் போதும். கணக்கெழுதிய மூன்றாமவரை இருவரும் மறந்துவிடுவர். ஏணியின் மேற்படியில் நிற்பவனும் கீழ்ப்படியில் நிற்பவனும் சண்டையிட்டால், ஏணியின் சொந்தக்காரனுக்கு என்ன கவலை?

இந்தப் பகையை அதே தொழிலாளர்கள் ஒருமுறை வென்று காட்டினார்கள். அந்த வரலாறு நம் தோழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

ஆண்டு 1997. யு.பி.எஸ். நிறுவனத்தின் தொழிலாளரிலே ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பகுதிநேரத்தவர். கிடங்கிலே நள்ளிரவிலும் விடியலிலும் பார்சல் பிரித்தவர்கள். அவர்களுடைய தொடக்கக் கூலி மணிக்கு 8 டாலர். 1982இலும் 8 டாலர். 1997இலும் 8 டாலர்! பதினைந்தாண்டுகளில் விலைவாசி ஏறிற்று, வாடகை ஏறிற்று, நிறுவனத்தின் இலாபம் ஏறிற்று. அந்த எட்டு மட்டும் ஏறவில்லை. முழுநேர ஓட்டுநர்களோ நல்ல கூலி பெற்றவர்கள். அவர்கள் என்ன செய்திருக்கலாம்? ‘எனக்குக் கிடைத்தது போதும், கிடங்கிலே கிடப்பவன் பாடு அவன் பாடு’ என்றிருக்கலாம். அப்படித்தான் இருப்பார்கள் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. கணக்குப் பொய்த்தது!

ஆகஸ்ட் 4ஆம் நாள் 1,85,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தலைமை தாங்கியவர் டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவர் ரான் கேரி. மேசையிலிருந்து வந்தவரல்லர், யு.பி.எஸ். ஓட்டுநராக வண்டி ஓட்டியவர், ஓட்டுநரின் மகன். ‘பாதி நேர வேலையால் அமெரிக்கா வாழாது’ என்னும் பொருள்பட முழங்கினர். தங்களுக்காக மட்டுமன்று, கிடங்கிலே பார்சல் பிரித்த தம்பிக்காகவும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நாடு திகைத்தது. ஆயினும் மக்கள் சீறவில்லை. அன்று எடுத்த கருத்துக் கணிப்பிலே 55 விழுக்காட்டினர் தொழிலாளர் பக்கம். 27 விழுக்காட்டினரே நிறுவனத்தின் பக்கம். ஏன்? நாள்தோறும் தம் வாசலுக்கு வரும் பழுப்புச் சட்டைக்காரரை மக்கள் அறிவார்கள். நிறுவனத் தலைவரின் முகத்தை எவர் அறிவார்? பதினைந்து நாள் நடந்தது போராட்டம். முடிவிலே பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலை இடங்கள் உருவாக்க நிறுவனம் இசைந்தது.

வென்றவர்கள் விழித்திருந்தார்களா என்றால், எப்போதும் இல்லை. 2018இல் செய்த ஒப்பந்தத்திலே புதியதொரு வகை ஓட்டுநர் புகுத்தப்பட்டார். அதே வண்டி, அதே சுமை, ஆனால் குறைந்த கூலி! ஒரே பந்தியிலே இரண்டு இலை! வாக்களித்தவரில் 54 விழுக்காட்டினர் ‘வேண்டாம்’ என்றனர். ஆயினும் வாக்களிக்க வந்தோர் பாதிக்கும் குறைவு என்னும் சங்க விதியைக் காட்டி ஒப்பந்தம் செயலுக்கு வந்தது. அந்தச் சினம் ஆறவில்லை. 2021இல் சங்கத்தின் விதி திருத்தப்பட்டது. 2022இல் தலைமை மாறிற்று. 2023இல், ஏறத்தாழ 3,40,000 பேருக்கான ஒப்பந்தம் முடியும் வேளையிலே, வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தம் என்று வாக்களித்தவர்கள் 97 விழுக்காட்டினர்! வேலைநிறுத்தம் நடக்குமுன்பே நிறுவனம் இறங்கிவந்தது. இரட்டைக் கூலி ஒழிந்தது. புதிதாகச் சேரும் பகுதிநேரத்தவரின் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலரானது. 86.3 விழுக்காட்டு வாக்கில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது.

அதே ஒப்பந்தத்திலே நம் பொருளைத் தொடும் ஒரு வரியும் உண்டு. அண்மை ஆண்டுகளிலே நிறுவனம் பருவக்காரர்களிடம் ‘உன் சொந்தக் காரையே கொண்டு வா’ என்று சொல்லத் தொடங்கியிருந்தது. வண்டியும் உழைப்பாளியுடையது, உழைப்பும் உழைப்பாளியுடையது! 2023 ஒப்பந்தம் அதற்கொரு கரை கட்டிற்று. சொந்த வண்டியில் செய்யும் பருவப் பணியிலே முதலுரிமை ஏற்கெனவே உள்ள பகுதிநேரத் தொழிலாளருக்கே. அப்படி வந்தால் 8 மணி நேர வேலைக்கு உறுதி. பருவப் பணி நவம்பர், டிசம்பரிலே ஐந்து வாரத்துக்கு மட்டுமே. பருவம் என்னும் சொல்லுக்கு எல்லை வகுத்தார்கள்! எல்லையில்லாப் பருவம் என்பது கொத்தடிமையின் இன்னொரு பெயராகிவிடும் என்பதை உணர்ந்து வகுத்த எல்லை அது.

ஆனால், மறுபுறம் பாருங்கள். 2018இல் அமேசான் வேறொரு வழி கண்டது. வண்டியிலே அமேசானின் பெயர். சட்டையிலே அமேசானின் குறி. பாதை வகுப்பது அமேசானின் கணிப்பொறி. ஆனால் ஓட்டுநரோ இடையிலுள்ள சிறு ஒப்பந்தக்காரரின் ஆள்! ‘என் தொழிலாளியே அல்லர்’ என்று கைவிரிக்க வசதி. 2023இல் கலிபோர்னியாவின் பாம்டேல் நகரிலே அப்படிப்பட்ட 84 ஓட்டுநர்கள் சங்கம் அமைத்தார்கள். 2024 டிசம்பர் 19ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு, பல நகரங்களிலே அமேசான் வாசல்களில் வேலைநிறுத்தம் நடந்தது. யு.பி.எஸ். நிறுவனமோ 2025ஆம் ஆண்டிலே 48,000 வேலை இடங்களைக் குறைத்ததாக அந்த அக்டோபரில் அறிவித்தது. நிலையான வேலை சுருங்கச் சுருங்க, உதவியாளனின் பெஞ்சு நீளும். இன்று தன் பக்கத்து இருக்கைக்காரனை ஏளனமாகப் பார்க்கும் ஓட்டுநர், நாளை அதே இருக்கைக்கு விண்ணப்பம் எழுத நேரிடும்!

“அமெரிக்கத் தெருவில் ஓடுபவனைப் பற்றி இங்கே ஏன் இவ்வளவு பேச்சு?” என்று கேட்கும் தோழருக்கு ஒன்று சொல்வேன். அதே அமேசானின் பார்சல் சென்னைத் தெருவுக்கும் வருகிறது. வருகிற வண்டியோடு அந்த வணிகமுறையும் வருகிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இணையவழி வேலை செய்வோருக்கென நலவாரியம் அமைந்தது அதனால்தான். வாரியம் தொடக்கம், அதிலே பருவத்துக்கு வந்து போகிறவனுடைய பெயரும் ஏறுகிறதா என்று பார்ப்பது நம் கடமை. அங்கே அவர்கள் கற்ற பாடத்தை, அடிபட்டுத்தான் கற்போம் என்று நாம் அடம்பிடிக்க வேண்டியதில்லை.

பாடம் இதுதான். உதவியாளர் ஏறும் வண்டியிலே வீடுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும். அதை மேலாளர் தனியே எழுதக் கூடாது. சங்கத்தோடு அமர்ந்து எழுத வேண்டும். உதவியாளர் உழைத்த ஒவ்வொரு வாரமும், அவர் நிலைபெறும் நாளிலே பணிமூப்பாக எண்ணப்பட வேண்டும். நிலையான இடம் காலியானால் முதலுரிமை, முந்திய பருவங்களிலே ஓடியவருக்கு வேண்டும். டிசம்பர் 10 முதல் 25 வரை ஒதுங்கி நிற்கும் சட்டம் பணிக்குத் திரும்ப வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னதாக ஒன்று வேண்டும்: முதல் நாள் காலையிலேயே, பழுப்புச் சட்டையோடு சங்கத்தின் கையும் அந்தத் தம்பியை நோக்கி நீள வேண்டும்.

அதை அரசு தரவேண்டியதில்லை, நிறுவனம் தரவேண்டியதில்லை, ஓட்டுநர் தரலாம். இன்றே தரலாம். ‘நாலு வாரம் இருக்கப்போகிறவன் தானே’ என்று எண்ணாமல், ‘நாலு வாரமாயினும் என் தோழன்’ என்று எண்ணினால் போதும். 1997இல் கிடங்குத் தம்பிக்காக வண்டியை நிறுத்திய அதே நெஞ்சம், தெருமுனையில் காத்து நிற்கும் தம்பிக்காகவும் அசைய வேண்டும்.

மீண்டும் அந்தத் தெருவுக்கு வாருங்கள். இரவு 9 மணி. கடைசிப் பார்சலும் கொடுத்தாயிற்று. வண்டி தெருமுனையிலே நிற்கிறது. உதவியாளர் இறங்குகிறார், கால்கள் கடுக்கின்றன, கைகள் விறைத்திருக்கின்றன. ஓட்டுநர் கீழே குனிந்து கைநீட்டுகிறார். “நாளை அதே இடம், தம்பி. அடுத்த வாரம் சங்கக் கூட்டம் இருக்கிறது, நீயும் வா!”

அந்த ஒரு சொல் பிறந்துவிட்டால், வண்டியிலே இருக்கும் இருவரும் ஓரணி. வண்டியில் இல்லாத மூன்றாமவர் அன்றுதான் முதன்முறையாகக் கணக்கைத் திருத்தி எழுதத் தொடங்குவார்!